வாசகர் கேள்விகள்: பாரனெட் வீட்டுக் கடிதக் கட்டு

போன இதழில் ஒரு வாசகர் “பாரனெட் என்றால் பிரபுவா?” என்று கேட்டிருந்தார். “இல்லை, பிரபுவுக்கு ஒரு படி கீழே” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகள்தான். சினிமா, அரசியல் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரபுவும் இல்லை, சாதாரண ‘சர்’ பட்டக்காரரும் இல்லை. அப்புறம் அவர் யார்தான்? — திருச்சி வாசகர்

காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவர். நிஜமாகவே அப்படித்தான் ஆரம்பித்தது. 1611இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் கஜானா காலி. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் படை வைத்திருக்க வேண்டும், சம்பளத்துக்கு வழியில்லை. அதற்காகவே ஒரு புதுப் பட்டத்தை உண்டாக்கி விலை போட்டார்: 1,095 பவுண்டு. அது என்ன 1,095 என்று கேட்பீர்கள். முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருடச் சம்பளம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 பென்னி. முப்பதை எட்டால் பெருக்கினால் 240. அந்தக் காலத்தில் 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆக ஒரு நாளைக்குச் சரியாக ஒரு பவுண்டு, மூன்று வருடத்துக்கு 1,095 நாள். மளிகைக் கடைக் கணக்குப் போல எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

காசு மட்டும் இருந்தால் போதாது, ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு நில வருமானம் இருக்க வேண்டும், தாத்தா காலத்திலிருந்தே குலச்சின்னம் உள்ள குடும்பமாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். பெயருக்கு முன்னால் ‘சர்’ போட்டுக்கொள்ளலாம். பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. சாதாரண ‘சர்’ பட்டம் ஆளோடு போய்விடும். இது அப்பாவுக்குப் பின் மூத்த மகனுக்கு வரும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்தக் கால நிலச்சுவான்தார்களுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம். இப்போது இந்தப் பட்டம் கொடுப்பது அநேகமாக நின்றுபோய்விட்டது. 1990இல் மார்கரெட் தாட்சரின் கணவருக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கால் நூற்றாண்டாக யாருக்கும் கிடையாது.

கேள்வி: பட்டத்தின் கதை புரிந்தது. அப்படி ஒருவரின் குடும்பம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? ராஜா ராணி கதை வேண்டாம், வீட்டுக் கதை வேண்டும். — கோவை வாசகி

அப்படிக் கேட்டால் நான் கை காட்டுவது ஒரே ஒருவரைத்தான்: சர் ரால்ஃப் வெர்னி. 1613இல் பிறந்து 1696இல், எண்பத்திரண்டு வயதில் இறந்தவர். லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் கிளேடன் என்ற ஊர் இவர்களுடையது. 1661இல் பாரனெட் ஆனார். பெரிய வீரர் இல்லை, பெரிய அரசியல்வாதி இல்லை, புத்தகம் எழுதவில்லை. பிறகு ஏன் இவர்? வீட்டுக்கு வந்த ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாதவர் என்பதால். அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

முதலில் அப்பா. சர் எட்மண்ட் வெர்னி, அரசர் முதலாம் சார்லஸின் அரண்மனை அதிகாரி, இளவரசராக இருந்த காலத்திலிருந்தே கூட இருந்தவர். 1642இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது மகன் ரால்ஃப் நாடாளுமன்ற உறுப்பினர், எய்ல்ஸ்பரி தொகுதி. மகன் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றுவிட்டார். அப்பாவுக்கும் மனசு முழுக்க அரசர் பக்கம் இல்லை. இந்தச் சண்டையே எனக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் கேட்பதை அரசர் கொடுத்துவிட்டால் தேவலை என்று நண்பர் ஒருவரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் முப்பது வருடமாக அவருடைய ரொட்டியைத் தின்றுவிட்டேன், இப்போது விட்டுவிட்டுப் போகிற ஈனத்தனத்தைச் செய்ய மாட்டேன் என்றும் அதே மூச்சில் சொன்னார். நாம் உப்பு என்போம், அவர்கள் ரொட்டி என்கிறார்கள்.

அரசரின் கொடியைத் தூக்கும் பொறுப்பு அவருக்கு. 1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில் போர்க்களம். கவசம் போடாமலே போனார், கொடியோடு விழுந்தார். கொடியைப் பிறகு மீட்டுவிட்டார்கள், உடல் மட்டும் கிடைக்கவில்லை. மகன் ஆள் அனுப்பித் தேடினார், பயனில்லை. வெட்டுண்ட கை மட்டும் கொடிக்கம்பைப் பிடித்தபடி இருந்ததாகவும், விரலில் அரசரின் படம் போட்ட மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். இருபத்தெட்டு வயது மகனின் தலையில் அன்றைக்கு என்ன இறங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம்: கடன் ஏறிய சொத்து, மூன்று தம்பிகள், கல்யாணம் ஆகாத தங்கைகள், இரண்டாகப் பிளந்த நாடு.

கேள்வி: தம்பிகள் எந்தப் பக்கம்? — மதுரை வாசகர்

அரசர் பக்கம். அடுத்த தம்பிகளில் எட்மண்ட் (அப்பா பெயரேதான்) தொழில்முறைச் சிப்பாய், தங்கமான மனிதர். அப்பா சாவதற்கு ஒரு மாதம் முன்பு அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் அரசருக்கு எதிராக நிற்பது துளியும் முறையில்லை, உங்கள் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிற நானும் அப்பாவும் கடமைக்காக உங்களுக்கு எதிரியாக நிற்க வேண்டியிருக்கிறதே என்று. படித்தால் கோபம் பாதி, அழுகை பாதியாகத் தெரியும். அண்ணன் பதில் எழுதாமல் இருந்தபோது தம்பி மறுபடி மறுபடி எழுதினார். உறவு அறுந்துவிடக் கூடாது என்ற பயம். அறுந்துபோகவில்லை. 1649இல் அயர்லாந்தின் த்ரோஹெடா நகரத்தை நாடாளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல் பிடித்தபோது எட்மண்ட் உள்ளே இருந்தார். சண்டையில் தப்பிவிட்டார்; அடைக்கலம் கொடுத்த பிறகு, பேச வேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டுக் குத்திக் கொன்றார்கள்.

இன்னொரு தம்பி ஹென்றிக்குக் குதிரைப் பந்தயத்தில் உயிர்.

டாம் என்ற தம்பி தனி ரகம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பாரே, அவர். பத்தொன்பது வயதில் வீட்டுக்குப் பிடிக்காத காதல். பிரிப்பதற்காக 1634இல் கப்பலேற்றி வர்ஜீனியாவுக்கு அனுப்பினார்கள், வேலைக்காரர்கள், சாமான்கள் சகிதம். அடுத்த வருடமே திரும்பி வந்து வாசலில் நின்றார். அப்புறம் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ். அங்கிருந்து தீவின் மரம், பழம், பயிர் எல்லாவற்றையும் வர்ணித்து அழகாக ஒரு கடிதம், கடைசியில் இன்னின்ன அனுப்புங்கள் என்று பட்டியல். கடன், சிறை, விடுதலை, மறுபடி கடன். அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதங்களில் முதல் பாதி பணிவு, இரண்டாம் பாதி பணம். இந்த ஆள் எத்தனை வயது வரை இருந்தார் தெரியுமா? தொண்ணூறைத் தாண்டி. 1707இல்தான் போனார், அண்ணன் போய்ப் பதினோரு வருடம் கழித்து.

கேள்வி: தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாரா? வரதட்சிணை அங்கேயும் உண்டா? — சேலம் வாசகி

உண்டு, நன்றாகவே உண்டு. பெண்ணுக்கு இவ்வளவு பணம் என்று அப்பா எழுதி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நல்ல இடம் அமையாது. சூசன், பெனலோப்பி, மார்கரெட், கேரி, மேரி, எலிசபெத் — ஆறு தங்கைகள். கேரிக்கு மட்டும் அப்பா காலத்திலேயே கல்யாணம் நடந்துவிட்டது, ஆனால் மூன்றே வருடத்தில், 1645இல், கணவர் போரில் செத்தார். அவள் அப்போது கர்ப்பிணி. மற்றவர்களுக்கான பணத்தை அப்பா எதன் மேல் வைத்திருந்தார் என்றால், கம்பளித் துணிக்கு முத்திரை குத்தி வசூலிக்கும் ஒரு வரியின் பங்கில். போர் வந்ததும் அந்த வசூல் படுத்துவிட்டது. பெண்களுக்கு வர வேண்டிய காசு காற்றோடு போனது.

அண்ணனும் நாட்டில் இல்லை (காரணம் அடுத்த பதிலில்). அம்மா 1641லேயே போய்விட்டார். யாரும் பார்த்து வைக்காத நிலையில் 1646இல் மூன்று தங்கைகள் அவரவர்க்கு அமைந்ததைக் கட்டிக்கொண்டார்கள். சூசனுக்கு வாய்த்தவர் கடனுக்காக லண்டன் ஃப்ளீட் சிறையில் இருந்த, மனைவியை இழந்த ஒருவர். கடைக்குட்டி எலிசபெத் பிற்பாடு 1662இல் யாரையும் கேட்காமல் ஒரு ஏழைப் பாதிரியாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரால்ஃப் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்து, உபதேசம் செய்து, கடைசியில் கொஞ்சம் பணம் கொடுத்தார். கஞ்சன் என்று தங்கைகள் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன்காரர்கள் முதலில் வாங்கிக்கொண்டு மீதி வைத்தால்தானே கொடுப்பார்?

அம்மா வழியில் ஒரு கல்யாணம், இதைச் சொல்லாமல் விட மனசில்லை. அம்மா பிறந்த ஹில்ஸ்டன் வீட்டை 1644 மார்ச்சில் நாடாளுமன்றப் படை முற்றுகையிட்டுப் பிடித்துக் கொளுத்தியது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் அம்மாவின் தங்கை சூசன் டென்டனும் ஒருவர். கொளுத்திய படையிலிருந்த ஒரு கேப்டனுக்கும் அவருக்கும் மூன்று மாதத்துக்குள் கல்யாணம்! அடுத்த வருடமே அந்த கேப்டனும் கொல்லப்பட்டார்.

கேள்வி: நாடாளுமன்றம் பக்கம் நின்றவர் ஏன் நாட்டை விட்டு ஓடினார்? — புதுச்சேரி வாசகர்

கையெழுத்துப் போட மறுத்ததால். 1643இல் ஸ்காட்லாந்துக்காரர்களின் உதவி வேண்டி நாடாளுமன்றம் அவர்களோடு ஒரு மத உடன்படிக்கை செய்துகொண்டது; உறுப்பினர்கள் எல்லோரும் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். ரால்ஃபுக்கு மனசாட்சி இடம் தரவில்லை. அரசர் பக்கம் போகவும் மனசில்லை. ஸ்மித் என்று பெயரை மாற்றிக்கொண்டு மனைவி, இரண்டு குழந்தைகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மூன்று வயதுக் கடைசிப் பையன் ஜானைக் கிளேடன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1645இல் இவருடைய பதவி பறிபோனது, அடுத்த வருடம் சொத்து முடக்கப்பட்டது. அப்பா அரசருக்காகச் செத்தவர், மகன் நாடாளுமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர்: இரண்டு பக்கமும் அடி.

கேள்வி: அவர் மனைவியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? — தஞ்சாவூர் வாசகி

சொல்லத்தான் போகிறேன், இவ்வளவு நேரம் அதற்காகத்தான் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

மேரி பிளாக்னல். பெர்க்‌ஷயர் மாவட்டத்துப் பணக்கார வீட்டு ஒரே வாரிசு, சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவள். அந்தக் காலச் சட்டப்படி இப்படிப்பட்ட வாரிசுக் குழந்தையின் பாதுகாப்பு உரிமை அரசருக்கு; அரசர் அதைப் பணம் வாங்கிக்கொண்டு யாருக்காவது விற்பார். குழந்தையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதும் அந்த உரிமையில் அடக்கம். சொந்தக்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். 1629 மே மாதத்தில் வெர்னி வீட்டு மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனது. அவளுக்கு 13, அவருக்கு 15. கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் இப்படித் தொடங்கிய கல்யாணம் இருபத்தொரு வருடத்தில் என்னவாக வளர்ந்தது என்பது கடிதங்களில் இருக்கிறது. மனைவியை அவர் ‘மொட்டு’ என்றுதான் எழுதுவார்.

சொத்து முடங்கியதும் யார் போய் மீட்பது? ரால்ஃப் போனால் கடனுக்கும் அரசியலுக்கும் சேர்த்துப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். தாய்மாமா டாக்டர் வில்லியம் டென்டன், அரச வைத்தியர், லண்டனிலிருந்து யோசனை எழுதினார்: பெண்கள் இவ்வளவு உபயோகமாக இருந்த காலம் முன்னால் இருந்ததில்லை, நம் பெரிய மனிதர்கள் எல்லாம் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்னால் இருந்துகொள்கிறார்கள், நீயும் அப்படியே செய் என்று. தாய்மாமா சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

1646 கடைசியில் மேரி தனியாகக் கடல் கடந்து லண்டனுக்கு வந்தாள். கர்ப்பிணி. வாடகை அறையில் இருந்துகொண்டு, முடக்கிய சொத்தை விடுவிக்க நாடாளுமன்றத்தின் கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கினாள். கடன் கொடுத்தவர்களின் கணக்கைத் தீர்க்க வேண்டும், எம்.பி.க்களைப் பார்க்க வேண்டும், செல்வாக்கான சீமாட்டிகளின் வாசலில் காத்திருக்க வேண்டும். முன்பு உயிர்த்தோழியாகப் பழகிய ஒரு கவுன்டெஸ் (பிரபுவின் மனைவி), இப்போது செல்வாக்கான வேறொரு பிரபுவை மணந்திருந்தவர், முகம் கொடுத்தே பேசவில்லை. (அந்த அம்மாள் வரிசையாக ஒரு பாரனெட்டையும் மூன்று பிரபுக்களையும் மணந்தவர். ‘கிழவர்களின் மனைவி’ என்று வெர்னி வீட்டார் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.)

1647 ஜூனில் ஆண் குழந்தை பிறந்தது. கணவர் வேறு பெயர் வைக்கச் சொல்லி எழுதியிருந்தார். உங்கள் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக ரால்ஃப் என்றே வைத்தாள். கிளேடனுக்குப் போனாள். மூன்று வருடத்துக்கும் மேலாகச் சிப்பாய்கள் தங்கிப் போன வீடு. அவள் எழுதியதைப் பாருங்கள்: துணிமணி எல்லாம் நைந்து கிழிந்துவிட்டது. சுவர் எழுப்பி மறைத்து வைத்துவிட்டுப் போன இறகு மெத்தைகளை எலி கடித்துக் குதறியிருக்கிறது. அடுப்படியில் இறைச்சி வாட்டும் கம்பிகள் துருப்பிடித்து அரித்துப் போயிருக்கின்றன. அப்புறம் ஜான். விட்டுவிட்டுப் போன பையன் இப்போது ஆறு வயது. உடம்பு நேராக இருக்கிறது, நன்றாக ஓடுகிறான், ஆனால் கால்கள் இரண்டும் இவ்வளவு வளைந்து நான் எந்தக் குழந்தைக்கும் பார்த்ததில்லை என்று எழுதுகிறாள். மற்றபடி அருமையான பிள்ளை என்று கடைசியில் சேர்க்கிறாள். தாய் இல்லையா.

அந்த இலையுதிர் காலத்தில் பிரான்சில் புளோவா நகரத்தில் அப்பாவோடு இருந்த மகள் பெக் இறந்தாள். அதே சமயம் கிளேடனில் கைக்குழந்தை ரால்ஃபும் இறந்தான். ஒரு செய்தி கடலுக்கு அந்தப் பக்கம் போகிறது, இன்னொன்று இந்தப் பக்கம் வருகிறது. லண்டனில் இருந்த மேரிக்கு இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஒருவரை ஒருவர் தேற்றக்கூடக் கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறமும் அவள் கமிட்டிக்குப் போனாள். 1648 ஜனவரியில் சொத்து முடக்கம் நீங்கியது. ஜெயித்துவிட்டாள். வசந்த காலத்தில் கணவரிடம் திரும்பினாள். இரண்டே வருடம். 1650 மே 10, புளோவாவில் காசநோயில் இறந்தாள், 34 வயது. உடலைப் பதப்படுத்திக் கிளேடனுக்கு அனுப்பினார் ரால்ஃப், கூட வர அவரால் முடியவில்லை. அவர் இன்னும் நாற்பத்தாறு வருடம் இருந்தார். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்து நிலக்காரர்களில் அது அபூர்வம்; மனைவி போனால் அடுத்த வருடம் வரன் பார்ப்பதுதான் வழக்கம்.

கேள்வி: நானூறு வருடத்துக்கு முந்தைய ஆளின் மெத்தையை எலி கடித்தது வரை உங்களுக்கு எப்படித் தெரியும்? — நாகர்கோவில் வாசகர்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ரால்ஃப் தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் தேதி குறித்துக் கட்டிக் கட்டி வைத்தார். தான் அனுப்பியவற்றுக்கும் நகல் வைத்தார். மனைவியின் கடிதம், சிறையிலிருந்து தம்பி எழுதிய கடிதம், தையல்காரர் பில், எல்லாம். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோதும் மடித்த தாளில் பென்சிலால் குறிப்பெடுத்தார். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க அரசர் நேராகச் சபைக்குள்ளேயே நுழைந்தாரே, அந்த நாளை நேரில் பார்த்துக் குறித்தவர்களில் இவர் ஒருவர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பழக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் கடிதங்கள். கரையானும் தீயும் தொடாமல் கிளேடன் வீட்டிலேயே கிடந்தன.

நம் வீட்டில் அப்பா போனதும் முதல் வேலையாகப் பழைய காகிதத்தை எடைக்குப் போடுகிறோம். நானும் போட்டவன்தான். போட்ட மறுவாரம் ஒரு பத்திரம் தேவைப்பட்டது, அந்தக் கதை வேண்டாம்.

கேள்வி: பட்டம் மூத்த மகனுக்குத்தானே போயிருக்கும்? அந்தக் கால் வளைந்த பையன் என்ன ஆனான்? — ஈரோடு வாசகி

மூத்தவர் எட்மண்ட், அவர் பெயரும் அதே எட்மண்ட்தான், இந்த வீட்டில் பெயருக்குப் பஞ்சம். அவருக்கு முதுகு வளைந்திருந்தது, வைத்தியத்துக்கு ஹாலந்து வரை அனுப்பினார்கள். எல்லாக் கவனமும் அவர் மேல். 1662இல் பக்கத்துக் கிழக்குக் கிளேடனின் வாரிசுப் பெண்ணையே பார்த்துக் கட்டினார்கள். நிலமும் நிலமும் சேர்ந்துவிடும் என்ற கணக்கு. கணக்கு சரி, ஆனால் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அந்தப் பெண்ணுக்கு மனநிலை பிறழ்ந்துவிட்டது, கடைசி வரை தெளியவில்லை. எட்மண்ட் அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்கு முன்னாலேயே 1688இல் இறந்தார். அவருடைய மகன்கள் இருவரும் 1686, 1690 என்று இளவயதிலேயே போய்விட்டார்கள். கிழவர் ரால்ஃப் ஒவ்வொருவராக அடக்கம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜானை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இளைய மகனுக்கு நிலம் கிடையாது, தொழில் பார்த்துக்கொள்ள வேண்டும். துருக்கி வியாபாரம் செய்யும் லெவன்ட் கம்பெனி வியாபாரி ஒருவரிடம் 1659இல் பயிற்சிக்குச் சேர்ந்தார், 1662இல் சிரியாவின் அலெப்போவுக்குப் போனார், பன்னிரண்டு வருடம் அங்கேயே. துணி விற்றுப் பட்டு வாங்கும் தொழில். திரும்பி லண்டனுக்கு வந்து நாற்பதை நெருங்கும்போதுதான் முதல் கல்யாணம். 1696இல் அப்பா இறந்தபோது மீதியிருந்த மகன் இவர் ஒருவர்தான். 55 வயதில் இரண்டாவது பாரனெட். 1703இல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் ஃபெர்மனா வைகவுன்ட்டும் ஆகிவிட்டார். வளைந்த காலோடு எலி கடித்த வீட்டில் விடப்பட்ட பிள்ளை.

கேள்வி: நம்ம ஊர் சம்பந்தம் ஏதாவது? — சென்னை வாசகர்

எதிலும் நம்ம ஊர் சம்பந்தம் தேடும் வியாதி எனக்கும் உண்டு. இந்த முறை நிஜமாகவே இருக்கிறது. ஜானின் பேரன், அதாவது ரால்ஃபின் கொள்ளுப்பேரன், இரண்டாவது எர்ல் வெர்னி (எர்ல் என்பது பிரபுப் பட்டம்). அள்ளி வீசும் கை. கிளேடனில் அரண்மனை போல வீடு கட்டினார். 1765இல் தன் கையிலிருந்த வென்டோவர் தொகுதியைக் கொடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் ஒருவரை. அவர்தான் பிற்பாடு, வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றிய எட்மண்ட் பர்க். பர்க்கின் நெருங்கிய சகா வில்லியம் பர்க்கும் எர்லும் சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளில் கடன் வாங்கிச் சூதாடினார்கள். 1769இல் ஹைதர் அலி குதிரைப்படையோடு சென்னை வாசல்வரை வந்து தன் விருப்பப்படி ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு போனார் அல்லவா? ஹைதர் கர்நாடிக்கில் (அன்றைய ஆற்காட்டு நவாப் சீமையில்) முன்னேறும் செய்தி அந்த மே மாதம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் பங்கு சரிந்தது. எர்ல் வெர்னி அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வில்லியம் பர்க் 1777இல் சென்னைக்கே கப்பலேறி வந்து தஞ்சாவூர் ராஜாவின் லண்டன் ஏஜென்ட் ஆனார். எர்ல் பணத்தைக் கேட்டு எட்மண்ட் பர்க் மேல் வழக்கே போட்டார். 1791இல் அவர் வாரிசில்லாமல் இறந்தபோது பாரனெட் பட்டமும் கூடவே போனது. ஒரு வருடத்தில் அண்ணன் மகள் அந்தப் பெரிய வீட்டின் பெரும்பகுதியை இடித்துவிட்டார். நல்ல வேளை, காகிதப் பெட்டிகள் இருந்த பக்கத்தை விட்டுவைத்தார்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பாரனெட் யாராவது சென்னையை ஆண்டாரா என்று. சர் வில்லியம் லாங்ஹார்ன், 1668இல் பாரனெட், 1670 முதல் 1678 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர். ஊருக்குப் போய் லண்டன் பக்கத்தில் சார்ல்டன் மாளிகையை வாங்கினார். பிள்ளை இல்லை, பட்டம் அவரோடு முடிந்தது.

கேள்வி: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தக் குடும்பமா? — வேலூர் வாசகி

அவருடைய அக்கா பார்த்தினோப் 1858இல் கிளேடனின் அப்போதைய சொந்தக்காரரைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் ரத்த உறவு இல்லை, சொத்து வந்ததால் வெர்னி என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ஃப்ளாரன்ஸ் அங்கே அடிக்கடி வந்து தங்குவார். மாடியில் கிடந்த பழைய கடிதங்களைப் பிரித்துப் படித்துப் புத்தகமாக்கத் தொடங்கியவர் பார்த்தினோப்தான். அவர் 1890இல் இறந்த பிறகு அந்தக் குடும்பத்து மருமகள் முடித்தார். ஆக ரால்ஃபின் காகிதக் கட்டைப் பிரித்தது ரத்த சம்பந்தம் இல்லாத இரண்டு பெண்கள்.

கேள்வி: அவர் கல்லறையாவது இருக்கிறதா? — காஞ்சிபுரம் வாசகர்

கிளேடன் மாளிகையை ஒட்டியே சின்ன தேவாலயம். பிரான்சிலிருந்து 1653இல் திரும்பிய கையோடு ரால்ஃப் எட்வர்ட் மார்ஷல் என்ற சிற்பியைக் கொண்டு அங்கே பளிங்கில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார். நான்கு மார்பளவுச் சிலைகள்: அப்பா, அம்மா, மேரி, நான்காவது அவரேதான். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட முழுசாக ஆகியிருக்குமோ என்னவோ. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல், ஊரில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், மேரியோடு கல்லில் இருக்கும் தன்னைப் பார்த்துக்கொண்டுதான் ஜெபம் செய்திருக்கிறார்.